கேட்டால் கொடுக்கவும்

டயாலிசிஸ் அறையில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். நேற்று வரை ஆள் இருந்த நாற்காலி இன்றைக்குக் காலியாக இருந்தால், ‘அவர் எங்கே?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் என்ன பதில் வரும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு ஊசியோடு நாலு மணி நேரம் அசையாமல் கிடப்பது யாரால் முடியும்? அதனால் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்ப்பார்கள், வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். டெய்லரம்மாவும் ஆறு வருஷமாகத் திறந்ததில்லை. நாசமாய்ப் போக அந்தச் சட்டம்.

அவளுக்கு ஏழாம் நாற்காலி, ஜன்னல் ஓரம். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை. பக்கத்தில் ஆறாம் நாற்காலியில் டைம்டேபிள். அது அவர் பெயரில்லை, செய்த வேலை. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு எங்கே ஓய்வு என்று அட்டவணை போட்டவர். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், பிள்ளைகுட்டி இல்லை. அத்தனை பேரையும் அத்தனை திசைக்கும் அனுப்பி வைத்த மனுஷன், தன் டிப்போ பஸ் போகும் தூரத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

அந்த அறை டிவிக்கு ரிமோட் தொலைந்து, ஒரே சேனல்தான் ஓடும். ஒருநாள் அதில் பிரேசிலைக் காட்டினார்கள். கடல் மாதிரி ஓர் ஆறு. அதில் மெதுவாகப் போகும் ஒரு படகு. படகின் மேல்தளத்தில் வரிசை வரிசையாகத் தூளிகள் கட்டி, ஜனங்கள் அதில் படுத்துக்கொண்டே நாலைந்து நாள் போகிறார்கள். அவரவர் தூளியை அவரவரே கொண்டுவர வேண்டுமாம்.

“பாத்தீங்களா டெய்லரம்மா?” என்றார் டைம்டேபிள். “நாமளும் இப்படித்தானே படுத்துக் கெடக்கோம். அங்க படுத்தா ஊராவது நகரும்.”

“ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதவரு, உலகத்துலயே பெரிய ஆத்தைப் பாக்கப் போறீராக்கும்!”

“குடிக்கத்தானே அளவு? பாக்கறதுக்கு அளவு இல்லையே.”

அவள் சிரித்துவிட்டு மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. அடுத்த வாரம் கோடு போட்ட தாளோடு வந்துவிட்டார். நாள், ஊர், மெஷின், குறிப்பு என்று நாலு கட்டம்.

மற்றவர்கள் பயணம் போகிறதென்றால் அருவியைத் தேடுவார்கள், கடற்கரையைத் தேடுவார்கள். இவர் மெஷினைத் தேடினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்தம் செய்ய இடம் வேண்டும். அப்படி இடம் கொடுக்கும் ஆஸ்பத்திரி இருந்தால்தான் அது ஊர், இல்லையென்றால் அவர் வரைபடத்தில் அது வெறும் காடு. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் மெயில் அனுப்பினார், பதில் வந்ததும் அச்செடுத்துக்கொண்டு வந்து காட்டினார். சாவ் பாவ்லோவில் ஒரு வாரம், பிறகு அருவி, பிறகு ரியோ, சால்வடோர், அங்கிருந்து மனாஸ். நாற்பத்திரண்டு நாள். ‘விடுமுறைக்கு வரும் நோயாளிகளை வரவேற்கிறோம்’ என்று ஓர் ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியிருந்ததை அவர் நாலு தடவை வாசித்துக் காட்டினார்.

டாக்டர்தான் முட்டுக்கட்டை போட்டார். உடம்பு தாங்கும், ஜூன் கடைசி வரைக்கும் செல்லும்படி கடிதம் தருகிறேன், ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டைம்டேபிள் அன்றைக்கு வெகுநேரம் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“நீங்க வர்றீங்களா?”

முப்பது வருஷமாக அவளிடம் ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘எப்பக் குடுப்பீங்க?’ ஜாக்கெட் எப்பக் குடுப்பீங்க, பாவாடை எப்பக் குடுப்பீங்க. வருகிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை.

“மெஷின் ரெண்டு பேருக்கும் கெடைக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஏற்கெனவே கேட்டு வாங்கி வச்சிட்டேன்,” என்றார் அவர்.

வீட்டில் மகள் குதித்தாள். “யாரோ ஒரு ஆம்பளையோட நாப்பது நாளா? நாலு பேரு என்னம்மா சொல்லுவாங்க?”

“அந்த நாலு பேரும் வந்து எனக்குப் பதிலா ஊசி குத்திக்கட்டும். மூணு நாளும் நான் வீட்டுலயே இருக்கேன்.”

மருமகன் பக்கென்று சிரித்துவிட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தூளி தைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். கெட்டியான கேன்வாஸ் துணியில் துண்டு துண்டாகக் கொண்டுபோய் அவரிடம் நிறம் கேட்டாள். அவர் பச்சையைத் தொட்டார், அவள் நீலத்தை வைத்துக்கொண்டாள். கயிறு கோர்க்கும் ஓரத்தை மூன்று மடிப்பு மடித்து, அடுத்தடுத்து நாலு ஓட்டுத் தையல் போட்டாள். வாழ்நாளில் எத்தனையோ கல்யாணத்துக்குத் தைத்திருக்கிறாள், இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்ததில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை படகில் வந்து இடித்தது. மனாஸிலிருந்து பெலெம் வரை ஒரே மூச்சில் படகில் போனால் ஐந்து நாள் ஆகும். படகில் மெஷின் கிடையாது.

“ஒரே ஒரு தடவை விட்டுருவோம்,” என்றார் டைம்டேபிள். “ஒரு தடவைதானே? தண்ணியைக் கொறைச்சுக்கலாம், உப்பைத் தொடாம இருக்கலாம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. முன்பு ஒருமுறை மகள் கல்யாண வேலையில் ஒரு நாளை விட்டுவிட்டு, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, மணப்பெண்ணே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அதை மறக்க முடியுமா?

“முடியாது.”

“அந்தப் படகுக்காகத்தான் இவ்வளவும். அது இல்லாம எதுக்கு?”

“அப்ப நீங்களே போங்க. சாகறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? இங்கயே சாகலாமே!”

நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம். அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பதினொரு மணிக்கு ஊசியைக் கழற்றியதும் போய் எடை பார்த்தார், செருப்பை மாட்டினார். எப்போதும் சொல்லும் ‘வர்றேன் டெய்லரம்மா’வைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆறாம் நாற்காலி காலி.

புதன்கிழமையும் காலி. வெள்ளிக்கிழமை ஒரு கண்ணாடிக்காரர் அதில் உட்கார்ந்திருந்தார். பெரிய சிஸ்டர் ஊசியோடு வந்தபோது வாய் வரைக்கும் வந்தது கேள்வி. வந்ததை விழுங்கிவிட்டாள். சட்டம் மட்டும் காரணமில்லை. தான் சொன்ன வார்த்தை அப்படியே பலித்துவிட்டது என்று யாரோ எடுத்துச் சொல்வதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. செல்போன் நம்பர் இல்லையா என்று கேட்பீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு? வாங்கிக்கொள்ளவே தோன்றவில்லை.

ஒரு மாதம் அவள் பச்சைத் தூளியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் தூக்கிப்போடவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் முடியாமல், கத்திரியை எடுத்து வெட்டினாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள். வெட்டிய துணியில் கை வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை தைத்து, ஏழாம் நாற்காலியின் கைப்பிடியில் கட்டிவிட்டாள். பெரிய சிஸ்டரும் சரி என்றாள். அந்த மனுஷன் நினைவாகக் கையாவது அதன்மேல் இருக்கட்டும் என்று அவளுக்கு.

நாட்கள் ஓடின. ஒரே ஒரு எரிச்சல்தான். செவ்வாய், வியாழன், சனி வேறு கூட்டம் வந்து இதே நாற்காலிகளில் உட்காரும். அதில் ஏழாம் நாற்காலிக்காரன் எவனோ சாய்வை மட்டமல்லாக்க இறக்கிவிட்டு, நிமிர்த்தாமலே போய்விடுவான். திங்கள், புதன், வெள்ளி காலையில் வந்ததும் முதல் வேலையாக அவள் அதை நிமிர்த்த வேண்டும்.

“எந்தக் கட்டையில போறவனோ, படுக்கை போட்ட மாதிரி போட்டுட்டுப் போறான் பாரு!” என்று வாரா வாரம் திட்டுவாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் சுத்தம் செய்யும் மோட்டார் பழுதாகி, எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். டெய்லரம்மாவை மறுநாள் சனிக்கிழமை வரச்சொன்னார்கள். ஆறாம் நாற்காலி காலியாக இருக்கிறது, அதில் உட்காரலாம் என்றார்கள்.

சனிக்கிழமை போனாள். ஏழாம் நாற்காலியில், மட்டமல்லாக்கச் சாய்ந்து, பச்சைத் தலையணைமேல் கையை வைத்துக்கொண்டு டைம்டேபிள் படுத்திருந்தார்.

பாதி உடம்புதான் இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அவரேதான். சிஸ்டர் டெய்லரம்மாவைப் பிடித்து ஆறாம் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“வாங்க டெய்லரம்மா,” என்றார் அவர். “இன்னைக்கு நீங்க என் இடத்துலயா?”

“நீங்க... நீங்க செத்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!”

அவர் அவளையே பார்த்தார். முகத்தில் என்னவோ மாறியது.

“செத்துட்டேன்னா? கோவமா இருக்கீங்கன்னுல்ல நான் நெனச்சேன்.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் குளிர் காய்ச்சல். ஊசி குத்தும் கையில் கிருமி. பதினைந்து நாள் வார்டில் கிடந்தார். திரும்பி வந்தபோது ஆறாம் நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், செவ்வாய் வியாழன் சனிக்கு வா என்று சொல்லிவிட்டார்கள். எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டதற்கு, ஏழு கொடுங்கள் என்றார்.

“யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? அஞ்சு மாசம் சார்! அஞ்சு மாசம்!”

“சொல்லி வச்சேனே. ஃபைலைப் பெரிய சிஸ்டர்கிட்ட குடுத்து, நீங்க கேட்டா குடுங்கன்னு சொன்னேன். வார்டுல படுத்துக்கிட்டு முழுசும் மாத்திப் போட்டேன், நீங்க சொன்ன மாதிரியே.” பேசவே அவருக்கு மூச்சு வாங்கியது. “பஸ்ஸு ஸ்டாப்புல நிக்கும். ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம். வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிறது என் வழக்கம் இல்ல.”

“நீங்களும் உங்க பஸ்ஸும்!”

“அப்பவும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். திடீர்னு ஒருநாள் இந்தத் தலையணையைப் பாத்தேன். நான் தொட்ட பச்சை. தூளியையே வெட்டிட்டாங்க, இனிமே என்ன கேக்கறதுன்னு விட்டுட்டேன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஊசி குத்தாத கையால். “ஐயோ, உங்க நெனப்பா இருக்கட்டும்னு தைச்சேன் சார்.”

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார். “நீங்க நல்லா இருக்கீங்கன்னு மட்டும் எனக்குத் தெரியும். நான் சாய்ச்சுட்டுப் போற நாற்காலி, வந்து பாத்தா நிமிர்ந்திருக்கும். சரி, டெய்லரம்மா வந்துட்டுப் போயிருக்காங்கன்னு நெனைச்சுக்குவேன். அதுக்காகத்தான் நிமிர்த்தாமலே போவேன்.”

வாரா வாரம் தான் திட்டியது யாரை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை மட்டும் அவரிடம் அவள் கடைசி வரை சொல்லவில்லை.

பெரிய சிஸ்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஃபைலை எடுத்து வந்தாள். மேலே அவர் கையெழுத்தில், ‘ஏழாம் நாற்காலி கேட்டால் கொடுக்கவும்’.

“நீங்க கேக்கவே இல்லையேம்மா,” என்றாள் சிஸ்டர். அவள் முகமும் வாடியிருந்தது. “இங்க யாரும்மா கேக்கறாங்க? கேக்காம ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நாங்க பேசக் கூடாது.”

டெய்லரம்மா ஃபைலைத் திறந்தாள். அவர் படகை இரண்டாக வெட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை மெஷின் முடிந்தால் அடுத்தது திங்கள்தான், அந்த இடைவெளியை எப்படியும் இங்கேயே தாங்குகிறோம். ஆகவே வெள்ளி மாலை மனாஸில் படகு ஏறி, ஞாயிற்றுக்கிழமை சான்டரெம் என்ற நடுவழி ஊரில் இறங்குவது. அங்கே ஒரு வாரம், மூன்று தடவை மெஷின். அடுத்த வெள்ளி மறுபடி படகு, ஞாயிறு பெலெம். ஒரு தடவைகூட விடவில்லை. சான்டரெம் ஆஸ்பத்திரியின் பதிலும் அச்செடுத்துப் பின்னால் குத்தியிருந்தது. குறிப்புக் கட்டத்தில் ‘இருவர்’ என்று எழுதியிருந்தார். படகு ஏறும் தேதி, ஜூன் பதிமூன்று.

இன்றைக்கு ஜூலை பத்தொன்பது.

“இப்ப போவோம் சார். தேதியை மாத்திக்கலாம். தூளி ரெண்டே நாள்ல தைச்சுருவேன்.”

“ஜூன் வரைக்கும்தான் டாக்டர் கடிதம். போன மாசம் இதயத்துல படம் எடுத்துப் பாத்தாங்க. பாதிக்கும் கீழதான் வேலை செய்யுதாம். விமானம்னு பேச்சு எடுத்தாலே டாக்டர் எந்திரிச்சுப் போயிடறாரு.” அவர் ஜன்னலைப் பார்த்தார். “அந்த வண்டி போயிடுச்சு டெய்லரம்மா.”

அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தன்மேல் வந்தது அதைவிட. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் மார்ச்சிலேயே ஃபைல் கைக்கு வந்திருக்கும், ஜூனில் இரண்டு பேரும் தூளியில் படுத்திருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். இரண்டு வார்த்தை.

அடுத்த வாரமே சண்டை போட்டு செவ்வாய் வியாழன் சனிக்கு மாறிக்கொண்டாள். அவர் ஏழில், அவள் ஆறில். சாய்வை யாரும் நிமிர்த்தவில்லை. மகள் பழைய கேன்வாஸ் கடையில் அதே பச்சையைத் தேடிப் பிடித்து வந்தாள், டெய்லரம்மா மறுபடியும் ஒரு தூளி தைத்தாள். அதை மடித்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தபோது அவர் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“எத்தனை ஓட்டு?”

“நாலு.”

“அப்ப அறுந்து விழ மாட்டேன்,” என்றவர், நீலத்தோடேயே வைக்கச் சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

போக முடியாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் வருகிற நாளெல்லாம் ஃபைல் திறக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார், அவள் வாசிப்பாள். முதல் நாள், சாவ் பாவ்லோ, மெஷின் காலை எட்டு. அவர் நடுவில் திருத்துவார். அங்கே அரை மணி கூடுதலாக விடுங்கள், போக்குவரத்து அதிகம் இருக்கும் என்பார். செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, வெள்ளி மாலை மனாஸ் துறைமுகத்தில் படகு ஏறும் இடத்தில் அவள் நிறுத்தினாள். மணி பதினொன்று ஆகிவிட்டது.

“செவ்வாக்கிழமை படகு ஏறுவோம்,” என்றார். செருப்பை மாட்டினார். “வர்றேன் டெய்லரம்மா.”

செவ்வாய்க்கிழமை ஏழாம் நாற்காலி காலி. சாய்வை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

அறை முழுக்க எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள், டிவியைப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டர் வந்து, ஊசி குத்தி, டேப் ஒட்டினாள். அவள் நகரப் போகும்போது டெய்லரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் எங்க?”

குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பத்து நாற்காலியும் திரும்பிப் பார்த்தன. சிஸ்டர் வாசலைப் பார்த்தாள், ஃபைலை வாங்கிய நாளை நினைத்திருப்பாள் போல, டெய்லரம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை காலைலம்மா. தூக்கத்துலயே. கஷ்டப்படல.”

டெய்லரம்மா தலையாட்டினாள். படகு ஏற வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் இருந்தது என்று நினைத்தாள்.

பிறகு இரண்டாம் நாற்காலியில் இருந்த பேங்க்காரர் கனைத்தார். அவர் ஒன்பது வருஷமாக வருகிறவர்.

“சிஸ்டர், ஒம்பதுல ஒரு அம்மா இருப்பாங்களே. செகப்புக் கண்ணாடி.”

“மார்ச்சுல சார்.”

நாலாம் நாற்காலியிலிருந்து லாரிக்காரர், “எனக்குப் பக்கத்துல ஒரு வாத்தியாரு?” என்றார்.

“அவரும்தான்.”

“ஒருத்தரு வருவாரே,” என்று பேங்க்காரர் மறுபடி ஆரம்பித்தார். கேட்கத் தயக்கம். “காதுல ரேடியோவை வச்சுக்கிட்டு மேட்ச் கேப்பாரு. மூணு வருஷம் இருக்கும்.”

சிஸ்டர் நிமிர்ந்தாள். “ரேடியோக்காரரா? அவருக்குக் கிட்னி கெடைச்சுது சார். நல்லா இருக்காரு. போன மாசம்கூட மாத்திரை வாங்க வந்தாரு. உங்களை எல்லாம்...” அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. “உங்களைக் கேக்கத்தான் அவருக்குப் பயமா இருந்துதாம்.”

“அடப்பாவி,” என்றார் பேங்க்காரர். “மூணு வருஷமா அவனை நெனைச்சு நெனைச்சு அழுதிருக்கேனே.” சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

டெய்லரம்மா மடியில் ஃபைல் திறந்திருந்தது. நாள் இருபத்தைந்து, மனாஸ், மாலை ஆறு மணி, படகு. குறிப்பில் ‘இருவர்’. பையில் பச்சையும் நீலமும் மடித்தபடி இருந்தன. பிப்ரவரியில் ஒரே ஒரு திங்கட்கிழமை, இன்றைக்குக் கேட்ட அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டிருந்தால் போதும் என்று எண்ணியபோதுதான் அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. ஒரு கையில் ஊசி இருந்ததால், மறு கையால் மட்டுமே முகத்தைத் துடைக்க முடிந்தது.